நீ எந்தத் தெரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் கிடையாது. நான் மட்டும்தான் பேசப் போறேன். ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது.

ஒரு பெனால்டி பத்தினது. நாங்குநேரியில, பன்னிரண்டு வயசுக்குக் கீழ இருக்கற பசங்க ஆடின ஒரு மேட்ச்ல நான் கொடுத்த பெனால்டி. அது தப்பான பெனால்டி. அதை முதல்லயே ஒத்துக்கிடறேன், ஏன்னா கதையே அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

நாங்குநேரி எங்கே இருக்குன்னு சென்னையில கேட்டா, ரெண்டு விதமான பதில் வரும். கன்னியாகுமரிக்குக் கார்ல போனவங்க, "அங்க ஒரு டோல்கேட் இருக்குல்ல?"ன்னு கேப்பாங்க. நியூஸ் பாக்கறவங்க குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அந்தச் சம்பவம் நடந்த ஊரா?"ன்னு கேப்பாங்க. வானமாமலைப் பெருமாள் கோவில் இருக்கற ஊருன்னு சொல்றவங்க ரொம்பக் கம்மி.

அந்தச் சம்பவம்னா 2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு படிச்ச ஒரு தலித் மாணவனை, அவன்கூட அதே பள்ளிக்கூடத்துல படிச்ச பசங்களே ராத்திரி வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டுச்சு. 2024 ஜூன்ல அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில சாதியைக் காட்டுற கலர் கயிறு கட்டக் கூடாதுங்கறது அதுல ஒரு பரிந்துரை. தென் மாவட்டத்துல படிச்சவங்களுக்கு அது என்னன்னு நான் விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன்: மணிக்கட்டுல இருக்கற கயிறோட நிறத்தைப் பாத்தாலே பையன் எந்தச் சாதின்னு தெரிஞ்சிடும். அதுக்குத்தான் கட்டறதே.

அந்த ஆகஸ்டுக்கு அப்புறம் ஊர்ல சாயந்திர நேரத்துல கிரவுண்டெல்லாம் காலியாயிடுச்சு. பிள்ளைகளை வெளிய அனுப்பவே வீடுகள்ல பயந்தாங்க. நான் அப்போ வீட்டுல இருந்தே வேலை பாத்துக்கிட்டிருந்தேன். நாங்க நாலு பேர், எல்லாரும் ஏதோ ஒரு காலத்துல பாளையங்கோட்டை காலேஜ்கள்ல பந்து உதைச்சவங்க. ஞாயித்துக்கிழமை காலையில சின்னப் பசங்களுக்கு ஃபுட்பால் ஆரம்பிக்கலாமான்னு ஒரு டீக்கடையில உக்காந்து பேசினோம். பெரிய லட்சியமெல்லாம் ஒண்ணும் இல்லை. ரெண்டு பந்து, சவுக்குக் கம்புல கோல் போஸ்ட், கோடு போட சுண்ணாம்பு. 2024 பொங்கல் முடிஞ்ச ஞாயிறு ஆரம்பிச்சோம்.

சட்டை வாங்கின கதை

முதல் பிரச்சனை ரெஃப்ரி இல்லை, சட்டை. ரெண்டு டீமையும் பிரிச்சுக் காட்ட, மேல மாட்டிக்கற கையில்லாச் சட்டை இருக்குல்ல, அது திருநெல்வேலியில போய் ரெண்டு செட் வாங்கிட்டு வந்தேன். பளிச்சுன்னு ரெண்டு கலர். டீக்கடை அண்ணாச்சி பையைப் பிரிச்சுப் பாத்துட்டு, "தம்பி, இதக் கொண்டுபோய் மாத்திட்டு வந்துரு"ன்னார். ஏன்னு கேட்டேன். "இது இந்தத் தெரு கலரு. அது அந்தத் தெரு கலரு. நீ பந்தாட்டம் வைக்கியா, இல்ல வேற எதும் வைக்கியா?"ன்னார்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு எதை எடுத்தாலும் அது யாருக்கோ சொந்தமா இருந்துச்சு. கடைசியில ஒரு டீமுக்கு வெள்ளை. இன்னொரு டீம் அவங்கவங்க வீட்டுல இருந்து போட்டுட்டு வந்த சட்டையிலயே ஆடணும். இதை நான் சிரிச்சுக்கிட்டே சொல்றேன், ஆனா அன்னைக்குச் சிரிப்பு வரலை.

பதினோரு செகண்ட்

பிப்ரவரி கடைசி ஞாயிறு. ஏழு பேர், ஏழு பேர் ஆடற மேட்ச். ஸ்கோர் ஒண்ணுக்கு ஒண்ணு. முடிய நாலு நிமிஷம் இருக்கு. வெள்ளை டீம் பையன் ஒருத்தன் வலது பக்கத்துல இருந்து ஓங்கி அடிக்கிறான். கோலுக்கு முன்னாடி நின்ன பையன் மேல பந்து பட்டுத் தெறிக்குது. எனக்கும் அவனுக்கும் நடுவுல நாலு பசங்க. நான் இருபது அடி பின்தங்கி ஓடி வந்துக்கிட்டிருக்கேன். கை மேல போனதை மட்டும் பாத்தேன். விசில் ஊதிட்டேன். ஹேண்ட்பால், பெனால்டி.

ஃபுட்பால் விதியில "கை" எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? 2020-ல அதைத் தெளிவா எழுதினாங்க. அக்குளோட அடிப்பகுதி வரைக்கும் தோள். அதுக்குக் கீழதான் கை. புத்தகத்துல படிக்கும்போது ரொம்ப எளிது. பதினோரு வயசுப் பையன் பயத்துல முகத்தைத் திருப்பி, கையைத் தூக்கி, பந்து அவன் மேல மோதி முடிஞ்சுபோன அந்த அரை செகண்ட்ல, எது தோள் எது கைன்னு நீங்க முடிவு பண்ணணும். கூட லைன்ல கொடி பிடிக்க ஆள் கிடையாது.

பந்தைப் புள்ளியில வைக்கிறதுக்குள்ள அந்தப் பையனோட அப்பா உள்ள வந்துட்டார். "ஏலே, நெஞ்சுல பட்டதக் கையிங்க? கண்ணு எங்கல வச்சிருக்க?" இது வரைக்கும் சரி. உலகத்துல எந்த ரெஃப்ரியும் கேக்காத கேள்வி இல்லை. அடுத்து ஒண்ணு கேட்டார்: "நீ எந்தத் தெரு?"

கிரவுண்டு அமைதியாயிடுச்சு. முப்பது பசங்க என்னைப் பாக்கறாங்க. அவங்க பாத்த பார்வை ஒரு நொடியில மாறினதை நான் பாத்தேன். அதுவரைக்கும் நான் விசில் வச்சிருக்கற அண்ணன். இப்போ எல்லாரும் மனசுக்குள்ள என் தெருவைக் கண்டுபிடிச்சு, அதுக்கப்புறம் அந்த விசிலை மறுபடியும் கேக்கறாங்க.

நான் எந்தத் தெருன்னு இந்த எபிசோட்ல சொல்லப் போறதில்லை. சொன்னா நீங்களும் அதைத்தான் செய்வீங்க.

பெனால்டி கோலாச்சு. ரெண்டுக்கு ஒண்ணு. மேட்ச் முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து பல்லு வலிக்கிற மாதிரி ஒரு உணர்வோட உக்காந்திருந்தேன். மத்தியானம் ஒரு வீடியோ வந்துச்சு. பசங்க ஆடறதை யாரோ போன்ல எடுத்திருக்காங்க. பதினோரு செகண்ட். வேகத்தைக் குறைச்சு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தாங்க. தெளிவாத் தெரியுது: பந்து நெஞ்சுலதான் பட்டுச்சு. கீழ எழுதியிருந்தது: "காசு வாங்கின ரெஃப்ரி." அன்னைக்கு எனக்குக் கிடைச்ச காசு ஒரு டீ, ரெண்டு உளுந்தவடை.

பெரிய மைதானத்துலயும் இதேதான்

கொஞ்சம் வெளிய போயிட்டு வருவோம். தப்பு பண்ணாத ரெஃப்ரி உலகத்துல பிறக்கலை. 1986 உலகக் கோப்பையில மரடோனா கையால கோல் போட்டார். மைதானத்துல ஒரு லட்சத்துக்கும் மேல ஜனம். ரெஃப்ரி அலி பென்னாசர் அதைப் பாக்கலை. 2010-ல இங்கிலாந்தோட லாம்பார்ட் அடிச்ச பந்து கோட்டைத் தாண்டி உள்ள விழுந்துட்டு வெளிய வந்துச்சு. டிவியில பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சது. ரெஃப்ரிக்குத் தெரியலை, கோல் இல்லைன்னுட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு கோல் கோட்டைக் கண்காணிக்கற தொழில்நுட்பத்தை அனுமதிச்சாங்க. 2018-ல வீடியோ பாத்து முடிவு சொல்ற முறை விதிப்புத்தகத்துலயே ஏறிடுச்சு. சண்டை ஓய்ஞ்சுதா? ஓயலை.

நம்ம நாட்டுல 2023 மார்ச்சுல நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐஎஸ்எல் பிளேஆஃப், பெங்களூருவும் கேரளா பிளாஸ்டர்ஸும். கூடுதல் நேரத்துல சுனில் சேத்ரி வேகமா எடுத்த ஃப்ரீ கிக் கோலாச்சு. நாங்க தயாராகறதுக்குள்ள அடிச்சுட்டாங்கன்னு பிளாஸ்டர்ஸ் மொத்த டீமும் மைதானத்தை விட்டு வெளிய போயிட்டாங்க. அப்புறம் அவங்களுக்கு நாலு கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து மேட்ச் தடை. சம்பளம் வாங்கற பெரியவங்களே இப்படின்னா, ஞாயித்துக்கிழமை காலையில பல்லு தேய்ச்சும் தேய்க்காம வந்து நிக்கற அப்பாக்களை என்ன சொல்றது?

விதிப்புத்தகத்துல அஞ்சாவது விதி ரெஃப்ரியைப் பத்தினது. ஆட்டத்துல நடந்ததைப் பத்தி ரெஃப்ரி எடுக்கற முடிவே இறுதி. தப்புன்னு அவருக்கே தோணினா மாத்திக்கலாம், ஆனா ஆட்டம் மறுபடி தொடங்கறதுக்கு முன்னாடி மாத்தணும். தொடங்கிட்டா, அவ்வளவுதான். முதல் தடவை படிச்சப்போ இது சர்வாதிகாரம் மாதிரி இருந்துச்சு. இப்போ வேற மாதிரி தோணுது. தப்பு வரும்னு தெரிஞ்சே எழுதின விதி அது. தப்பு வந்தாலும் ஆட்டம் நடக்கணும், அதுக்காக எல்லாரும் சேந்து ஒத்துக்கிட்ட ஏற்பாடு.

அந்த ஏற்பாடு உடைஞ்சா என்ன ஆகும்ங்கறதுக்கு நெதர்லாந்துல ஒரு கொடுமையான உதாரணம் இருக்கு. 2012 டிசம்பர் 2, ஆல்மேர் நகரம். பசங்க மேட்ச். ஒரு பையனோட அப்பா, 41 வயசு, சம்பளம் இல்லாம லைன்ல கொடி பிடிக்க வந்தவர். மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் ஆட்கள் அவரைக் கீழ தள்ளி உதைச்சாங்க. மறுநாள் இறந்துட்டார். அடுத்த வருஷம் கோர்ட்டு ஆறு டீன்ஏஜ் பசங்களையும் ஒரு அப்பாவையும் குற்றவாளின்னு சொல்லுச்சு. அந்த அப்பாவுக்கு ஆறு வருஷம் ஜெயில். அந்த வாரக் கடைசியில நாடு முழுக்க அமெச்சூர் மேட்ச் எல்லாத்தையும் ரத்து பண்ணாங்க. இங்கிலாந்துல 2023-ல இருந்து, உள்ளூர் ரெஃப்ரிகளோட நெஞ்சுல கேமரா மாட்டிப் பரிசோதிக்க ஆரம்பிச்சாங்க. பணக்கார நாடு, கேமரா வாங்கிட்டாங்க. ஆனா கேமரா வேணும்னு ஆனதே எவ்வளவு வெட்கக்கேடு.

அவர் வீட்டுத் திண்ணையில

அடுத்த ஞாயிறு அந்தப் பையன் வரலை. அவன் தெருவுல இருந்து இன்னும் நாலு பேர் வரலை. வந்தவங்களோட அப்பா அம்மா ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு, கிரவுண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னாங்க. அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே வேப்பமரத்து நிழல்லதான் நிப்பாங்க.

நான் நடுவுல போய் நின்னு சொன்னேன்: "போன வாரம் நான் ஊதினது தப்பு. பந்து நெஞ்சுல பட்டுச்சு. எனக்கு மறைச்சுது. மன்னிச்சுக்கோங்க." எல்லாரும் நெகிழ்ந்துடுவாங்கன்னு ஒரு சினிமா நினைப்பு எனக்கு. நடந்தது வேற. ஜெயிச்ச டீம் பக்கத்துல இருந்து ஒருத்தர், "அதெப்படி நீரு இப்ப மாத்திச் சொல்லலாம்? வீட்டுல வந்து மிரட்டிட்டானுவளா?"ன்னார். அதாவது, தப்பு பண்ணினப்போ நான் அந்தப் பக்கத்து ஆள். ஒத்துக்கிட்டப்போ இந்தப் பக்கத்து ஆள். நடுவுல நிக்கற ஆள்னு ஒருத்தன் இருக்க முடியும்ங்கற நினைப்பே யாருக்கும் வரலை.

நடுவர்ங்கற வார்த்தையிலயே "நடு" இருக்கு. குறள்ல பன்னிரண்டாவது அதிகாரமே நடுவு நிலைமைதான். நாம எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினது.

அன்னைக்குச் சாயந்திரம் அந்த அப்பா வீட்டுக்குப் போனேன். போகாதன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. பயம் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். அவர் வெளித் திண்ணையில உக்காந்திருந்தார். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வா தம்பி, உக்காரு"ன்னார். கிரவுண்டுல "ஏலே"ன்னவர் வீட்டுல "தம்பி"ன்னார். டீ வந்துச்சு. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னார்:

"தம்பி, நான் சின்னதுல கபடி ஆடுவேன். கோவில் கொடைன்னா சுத்துப்பட்டு ஊரு எல்லாத்துலயும் போட்டி நடக்கும். நாங்க பாடிப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாப்போம், யாரு விசில் வச்சிருக்கான்னு. எதுத்தாப்புல இருக்கவன் யாருன்னு கூடப் பாக்க மாட்டோம். நாலு வருசம் ஆடுனோம். கோட்டத் தொட்டானா தொடலயான்னு சந்தேகம் வந்தா, ஒரு தடவ கூட எங்களுக்கு விழுந்ததில்ல. நான் கேட்டது உன்னயப் பாத்து இல்ல. அந்த விசிலப் பாத்து."

நான் போகும்போது மனசுல ஒரு உரை தயார் பண்ணி வச்சிருந்தேன். பிள்ளைங்க முன்னாடி இப்படிக் கேக்கலாமா, அவங்க மனசு என்ன ஆகும்னு. அதுல பாதியை என்னால சொல்ல முடியலை. "ரெஃப்ரியை நம்புங்க"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். சந்தேகம் வரும்போதெல்லாம் தனக்குச் சாதகமாவே விசில் கேட்டு வளந்தவனுக்கு நம்பறது ஒண்ணும் கஷ்டம் இல்லை. இவர் நாலு வருஷம் ஆடி, பாத்துக் கத்துக்கிட்டது வேற.

ஆனா மீதிப் பாதியைச் சொன்னேன். "அண்ணாச்சி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனா அன்னைக்கு நீங்க கேட்ட கேள்வியை உங்க பையனும் கத்துக்கிட்டான். நாளைக்கு அவன் விசில் ஊதினா, அவன்கிட்டயும் யாராவது இதே கேள்வியைக் கேப்பாங்க." அவர் பதில் சொல்லலை. பையன் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் கால் மட்டும் தெரிஞ்சுது.

நாங்க என்ன மாத்தினோம்

நம்பிக்கை வைங்கன்னு கேட்டு நம்பிக்கை வராதுன்னு எங்களுக்குப் புரிஞ்சுது. அதனால நாலு விஷயம் மாத்தினோம்.

ஒண்ணு, டீம் பிரிக்கறது குலுக்கல்ல. சீட்டை எடுக்கறது வந்ததுலயே சின்னப் பையனோ பொண்ணோ. ஒவ்வொரு வாரமும் டீம் மாறும். போன வாரம் எதிரா ஆடினவன் இந்த வாரம் உன் கோல்கீப்பர். "எங்க டீம்"னு கத்தறதுக்கு அப்பாக்களுக்கே குழப்பம் வந்துடும்.

ரெண்டு, விசிலுக்கு ஒருத்தர், லைனுக்கு ரெண்டு பேர். மூணு பேரும் ஒரே தெருவா இருக்கக் கூடாது. ஆமா, தெருவைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு நாங்களே தெருவைப் பாத்து ஆள் போடறோம். முரண்தான். எங்க ஊர்ல இப்போதைக்கு இதைத் தாண்டி வழி தெரியலை.

மூணு, லைன்ல கொடி பிடிக்க அப்பா அம்மாக்களே வரணும். முறை வச்சு, ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம்.

நாலு, மேட்ச் முடிஞ்சதும் ரெஃப்ரி பசங்களை வட்டமா உக்கார வச்சு, "இன்னைக்கு நான் எங்க தப்பு பண்ணினேன்?"னு கேக்கணும். பசங்க விடவே மாட்டாங்க. "அண்ணே, அந்த த்ரோ எங்களுக்கு. அண்ணே, அவன் ஆஃப்சைடு." எல்லாத்தையும் கேட்டு, சரின்னு பட்டதை ஒத்துக்கிட்டு, வடை தின்னுட்டுப் போவோம். ஸ்கோர் மாறாது. அதையும் பசங்க ஒத்துக்கிட்டாங்க. பெரியவங்களுக்குத்தான் நேரம் ஆச்சு.

மூணு வாரம் கழிச்சு அந்தப் பையன் வந்தான். அப்பாவும் வந்தார். கொடி பிடிக்கற முறை அவருக்கும் வந்துச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு லைன்ல நின்னார். அஞ்சாவது நிமிஷம் பந்து வெளிய போச்சு, ரெண்டு பசங்க காலுக்கு நடுவுல இருந்து. யார் மேல கடைசியாப் பட்டுச்சுன்னு அவருக்குத் தெரியலை. கொடியைத் தூக்கினார், எந்தப் பக்கம் காட்டறதுன்னு தெரியாம அப்படியே நிக்கறார். இந்தப் பக்கம் நாலு பேர் கத்தறாங்க, அந்தப் பக்கம் நாலு பேர் கத்தறாங்க. அவர் பையனும் கத்தறான்: "எப்பா, நம்ம பந்துப்பா!" அவர் என்னைப் பாத்தார். நான் என்ன செய்ய, எனக்கும் தெரியலை. கடைசியில ஏதோ ஒரு பக்கம் காட்டினார். பையனுக்கு எதிர்ப் பக்கம். சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வீடியோவும் இல்லை.

பதினஞ்சு நிமிஷம் முடிஞ்சதும் கொடியை என் கையில கொடுத்துட்டு, "என்னா பேச்சுப் பேசுதானுவ, ஏ அப்பா"ன்னு முகத்தைத் துடைச்சுக்கிட்டு வேப்பமரத்துக்கு நடந்தார். அதுக்கப்புறம் அவர் கொடி பிடிக்க வரவே இல்லை. கூப்பிட்டா, "எனக்கு ஆகாதுய்யா"ன்னுடுவார். ஆனா கிரவுண்டுக்குள்ள இறங்கவும் இல்லை. கத்துவார், நல்லாவே கத்துவார். "ரெஃப்ரி, கண்ணாடி போடு"ம்பார். அது வரைக்கும் சரி. தெருவை மட்டும் கேக்க மாட்டார்.

எல்லாரும் திரும்பி வரலை. அந்த நாலு பசங்கள்ல ரெண்டு பேர் வரவே இல்லை. அவங்க வீட்டுல போய்க் கேட்டோம். "படிப்பு இருக்கு"ன்னாங்க. அஞ்சாம் வகுப்பு.

கடைசியா ஒண்ணு

2002 உலகக் கோப்பை மைதானத்துல இந்தியாவுல இருந்து ஒருத்தர் இருந்தார், தெரியுமா? ஆட்டக்காரர் இல்லை. லைன்ல கொடி பிடிச்ச கோமலீஸ்வரன் சங்கர். தமிழ்நாட்டுக்காரர். நம்ம டீம் இன்னும் போகாத இடத்துக்கு நம்ம ரெஃப்ரி போயிட்டு வந்துட்டார். அவரும் எங்கயோ ஒரு புழுதி மைதானத்துல, யாரோ ஒருத்தரோட அப்பா திட்டினதைக் கேட்டுத்தான் ஆரம்பிச்சிருப்பார்னு நான் நினைச்சுக்கறேன்.

இதைக் கேக்கற நீங்க பெரும்பாலும் ஊரை விட்டு வந்தவங்க. இங்க யாரும் தெருவைக் கேக்கறதில்லைன்னு தோணும். போன மாசம் சென்னையில அக்கா பையன் ஆடற டர்ஃபுக்குப் போயிருந்தேன். பத்து வயசுப் பசங்க மேட்ச். விசில் ஊதினது பத்தொன்பது வயசு காலேஜ் பையன். ஒரு அம்மா கேட்டாங்க, "இந்த ரெஃப்ரி எந்த அகாடமி?" இன்னொருத்தர் கேட்டார், "நாங்க எவ்வளவு ஃபீஸ் கட்டறோம்னு தெரியுமா?" கேள்வி வேற, ஆனா அடியில இருக்கறது அதேதான்: நீ யாரோட ஆள்? அந்தப் பையன் முகம் சுண்டிப் போச்சு. அடுத்த வாரம் வருவானான்னு தெரியாது.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை தம்பி மேட்ச், அக்கா பொண்ணு மேட்ச்னு எங்கயாவது போனா, போய் ஒரு பதினஞ்சு நிமிஷம் கொடி பிடிங்க. விதி தெரியாதா? பந்து கோட்டை முழுசாத் தாண்டினா வெளிய. அது போதும், மத்தது தானா வரும். தப்பும் வரும்.

நான் இப்போ சென்னையில இருக்கேன். மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு நைட் பஸ் ஏறி ஊருக்குப் போறேன். போன வாரம் ஆள் பத்தலை. சின்னப் பசங்க மேட்சுக்கு விசில் ஊத அந்தப் பையனையே கூப்பிட்டேன், இப்போ அவன் கொஞ்சம் வளந்துட்டான். "அண்ணே, தப்பா ஊதிட்டா?"ன்னான். "ஊதுவே. அப்புறம் வட்டமா உக்காந்து பேசுவோம்"னேன். விசிலை வாங்கி, சட்டையில துடைச்சுட்டு ஓடினான். நாலு தப்பு பண்ணினான். நான் எண்ணினேன்.

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல பாப்போம். உங்க ஏரியாவுல ரெஃப்ரி இல்லாம நின்னுபோன மேட்ச் இருந்தா, எங்களுக்கு எழுதுங்க. வணக்கம்.